‘பாப்போம்’ என்பதற்கு ஒரு தேதி: ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. ஊருக்கெல்லாம் நல்ல நேரமும் ராகு காலமும் அச்சடித்துக் கொடுக்கிறவன், என் அடிவயிற்றில் வலது பக்கம் புடைத்துக்கொண்டு நின்ற ஹெர்னியாவுக்கு ஒரு நாள் குறிக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கு வரட்டும், காலண்டர் ஆல்பம் வெளியாகட்டும் என்றேன். அப்புறம் தீபாவளி முடியட்டும் என்றேன். கார்த்திகை, மார்கழியில் ஆர்டர் மலைபோலக் கிடக்கும், அப்போது எவன் படுப்பது? தை பிறந்ததும் மகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. சித்திரை வெயிலில் புண் ஆறாது என்றார் அத்தை. மறுபடி ஆடி வந்தது.

இத்தனை காரணத்துக்கும் அடியில் இருந்தது பயம். ஐம்பது வயது ஆம்பளை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். யார் கேட்டாலும் “பாப்போம்” என்பேன். நன்கொடை ரசீதோடு வருகிறவரிடமும், பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய வீட்டிலும் நாம் சொல்கிற அதே “பாப்போம்”. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அதன் பொருள் தெரியும்.

நான் டாக்டர் இல்லை, ஆபரேஷன் செய்துகொண்ட ஆள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஹெர்னியாவை வைத்து எழுதுகிறேன். பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, கண்புரை, கர்ப்பப்பை நீக்கம் என்று எதன் முன்னால் நீங்கள் நின்றுகொண்டிருந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான். செய்துகொள்ளுங்கள் என்று யாரையும் தள்ளிவிடுவது என் நோக்கமில்லை. வேண்டாம் என்று முடிவெடுக்கிறவருக்கும் இது உதவ வேண்டும்.

முதல் படி: எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேளுங்கள்

டாக்டர் “ஆபரேஷன் பண்ணிக்கலாம்” என்றதும் காது அடைத்துவிடும். அதற்குமேல் அவர் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. அதனால் ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: “இதை இந்த வாரமே செய்யணுமா, ஆறு மாசம் கழிச்சுச் செய்யலாமா, இல்ல செய்யாமலே வச்சிருக்கலாமா?” இதற்குப் பதில் வாங்காமல் அறையைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

இரண்டாவது, மூன்றாவது வகைகளைத்தான் ‘எலெக்டிவ்’ என்கிறார்கள். அவசியமில்லாத ஆபரேஷன் என்று சிலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். தேதியை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். கண்புரைக்கு நாளைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால் கண் தெரியாவிட்டால் பரவாயில்லை என்றாகாது அல்லவா?

ஹெர்னியா என்றால் வயிற்றுச் சுவரின் தசையில் பலவீனமான இடம் வழியாகக் கொழுப்போ குடலோ பிதுங்கி வருவது. நின்றால், இருமினால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போகும். தொடை இடுக்கில் வருவது ஆண்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது, பெண்களில் 3 சதவீதம் பேருக்கு. நான்கு ஆண்களில் ஒருவருக்கு வரும் சமாச்சாரத்தை நான் மனைவியிடம்கூட எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் நகைச்சுவை இல்லாமல் சொல்லிவிடுகிறேன். புடைப்பு திடீரென்று கல் மாதிரி இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலி கூடிக்கொண்டே போனால், கூடவே வாந்தி வந்தால், காற்றும் மலமும் பிரியாமல் நின்றால், மேல்தோல் சிவந்து கறுத்தால், அதற்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், எதுவும் சாப்பிடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். அப்போது மணிக்கணக்கு.

பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தொடை இடுக்குப் பகுதியில் வரும் புடைப்பு அவர்களுக்கு ‘ஃபெமோரல்’ வகையாக, அதாவது தொடைக்குப் போகும் ரத்தக் குழாயை ஒட்டிப் பிதுங்குவதாக, இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகையில் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். அதனால் அவர்களை வெறுமனே காத்திருக்கச் சொல்வதில்லை. கீழே நான் காத்திருப்பைப் பற்றிச் சொல்லும் கணக்கு ஆண்களை வைத்துப் போட்டது.

இரண்டாம் படி: செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு

பயந்தவன் ஒரு பக்கக் கணக்கை மட்டும்தான் பார்ப்பான். ஆபரேஷனில் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபில் தேடுவான். ஆபரேஷன் செய்யாமலிருந்தால் என்ன ஆகும் என்று தேடுவதில்லை. சும்மா இருப்பதற்கு ஆபத்தே இல்லை என்று மனசு தானாக எடுத்துக்கொள்கிறது.

ஹெர்னியாவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொந்தரவு குறைவாக உள்ள 720 ஆண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆபரேஷன், மற்றதற்கு மருத்துவக் கண்காணிப்போடு காத்திருப்பு. காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமாக ஓடவேண்டி வந்தது மிகமிக அரிது. ஆயிரம் பேர் ஒரு வருடம் காத்திருந்தால் இரண்டு பேருக்கும் குறைவு. “ஹெர்னியாவை விட்டா வெடிச்சிரும்” என்று பயமுறுத்துகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு இது பதில்.

ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வருடத்துக்குள் காத்திருந்தவர்களில் 23 சதவீதம் பேர் தாங்களாகவே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். 10 வருடக் கணக்கில் அது 68 சதவீதம், 65 வயதைத் தாண்டியவர்களில் 79. பெரும்பாலோர் வந்த காரணம் வலி. அதாவது உயிருக்குப் பயந்து ஓடவேண்டியதில்லை, ஆனால் மூன்றில் இரண்டு பேர் என்றைக்காவது ஒருநாள் அந்த மேசையில் ஏறத்தான் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒருவர் “அப்ப இப்பவே முடிச்சிருவோம், அறுபத்தெட்டு வயசுல படுக்கிறதுக்கு அம்பத்திரண்டுல படுக்கலாம்” என்று சொல்லலாம். இன்னொருவர் “பத்து வருஷம் நிம்மதியா ஓட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லலாம். இரண்டுமே அறிவுள்ள பேச்சு. உங்களுக்குள்ள நோய்க்கு இந்த மாதிரிக் கணக்கு என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். பித்தப்பைக் கல்லுக்கு வேறு, மூட்டுக்கு வேறு. மூட்டு ஒருநாளும் உயிரை வாங்காது. நடையை வாங்கும்.

மூன்றாம் படி: பயத்தை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள், அவிழுங்கள்

எனக்கு உதவியது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒருநாள் மதியம், வேலை ஓய்ந்த நேரத்தில், வீணாய்ப்போன காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, எனக்கு என்னதான் பயம் என்று எழுதினேன். ‘ஆபரேஷன் பயம்’ என்று ஒரு வரிதான் வரும் என்று நினைத்தேன். ஏழு வரி வந்தது. மயக்கம் கொடுத்து எழுந்திருக்காமல் போனால்? முதுகில் ஊசி போட்டு ஆயுசுக்கும் இடுப்பு வலி வந்தால்? பிதுங்கும் இடத்தை அடைக்க உள்ளே வைக்கிற வலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஆண்மைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பணம். நர்ஸ் பெண்கள் முன்னால் துணியில்லாமல் கிடக்கவேண்டுமே என்ற கூச்சம். ஏழாவது: பெரியப்பா.

பெரியப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது குடல் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, என்னுடைய ஆறு பயங்களும் அந்த ஏழாவதிலிருந்து கிளைவிட்டவை. அம்மாவிடம் போய் விசாரித்தேன். பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போனது குடல் ஓட்டையாகி நான்காம் நாள், ராத்திரியோடு ராத்திரியாக, வேன் பிடித்து. நாள் குறித்துப் போகும் ஆபரேஷனும் அதுவும் ஒன்றில்லை. சொல்லப்போனால் அவர் கதை எனக்குச் சொல்லவேண்டிய புத்தி நேர்மாறானது. முப்பத்தைந்து வருடமாக நான் அதைத் தலைகீழாகப் படித்து வைத்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். அவர் கதையை முழுசாக விசாரியுங்கள். என்ன நோய், எந்த நிலையில் போனார், எந்த வருடம் என்று கேளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதற்குப் பதில் சொல்லவேண்டியவர் யார் என்று எழுதுங்கள். மயக்கம், முதுகு ஊசி இரண்டும் மயக்க மருந்து டாக்டர். வலை, ஆண்மை இரண்டும் ஆபரேஷன் செய்யும் சர்ஜன். பணத்துக்குக் காப்பீட்டு மேசை. கூச்சத்துக்கு வார்டு சிஸ்டர். நான் செய்துகொண்டிருந்த தப்பு, எல்லாப் பயத்தையும் மச்சானிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பட்டாசுக்கு மருந்து கலக்கத் தெரியும், மயக்க மருந்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார்.

கூச்சம் சின்ன விஷயம் என்று சிரிக்காதீர்கள். அதனாலேயே மறைத்து மறைத்து முற்றவிட்ட ஆண்களை எனக்குத் தெரியும். சிஸ்டரிடம் சொன்னேன். “அண்ணே, நீங்க தூங்குறதுக்கு முன்னாடியே போர்த்தித்தான் இருப்போம், தேவையான இடத்த மட்டுந்தான் திறப்போம்” என்றார். அரை நிமிடத்தில் ஒரு வரி அடிபட்டது.

ஆண்மை பற்றிச் சர்ஜன் சொன்னது: விரைக்குப் போகும் ரத்தக் குழாயும் விந்துக் குழாயும் ஹெர்னியாவை ஒட்டியே ஓடுகின்றன, அவற்றுக்குக் காயம் ஏற்படுவது அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், அதே இடத்தில் இரண்டாம் முறை செய்யும் ஆபரேஷனில் அந்த ஆபத்து கூடும். எனக்கு அந்த ‘இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்’ பிடித்திருந்தது. “ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க” என்று முதுகில் தட்டுகிறவரைவிட இவரை நம்பலாம் என்று தோன்றியது.

வலையைப் பற்றியும் நேராகவே சொன்னார். பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் நூலில் பின்னிய கொசுவலை மாதிரி ஒரு துண்டு. அதை வைத்துத் தைத்தால் ஹெர்னியா திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி நூற்றில் 10 முதல் 12 பேருக்கு வரலாம், நாளாக நாளாகக் குறையும், அன்றாட வேலையையே முடக்கும் அளவுக்கு வலி ஒருசிலருக்கு வரும். இதை நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால்தான் மூன்றாவது மாதம் சுருக்கென்று குத்தியபோது அலறவில்லை. ஹெர்னியாவால் உங்களுக்கு இப்போது வலியே இல்லையென்றால், இந்த 10 சதவீதக் கணக்கு காத்திருப்பின் பக்கம் எடை போடும். தினமும் வலிக்கிறதென்றால் தராசு மறுபக்கம் சாயும். எனக்குக் காகிதக் கட்டு தூக்கும் ஒவ்வொரு முறையும் வலித்தது.

நான்காம் படி: மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷனுக்கு முன்பே பாருங்கள்

ஆபரேஷன் பயம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி மயக்க மருந்து பயம். ஆனால் அந்த டாக்டரின் முகத்தையே பலர் மேசையில் படுத்த பிறகுதான் பார்க்கிறார்கள். மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனை என்று ஒன்று கட்டாயம் உண்டு. அதை வெறும் ஈசிஜி, ரத்த டெஸ்டோடு முடித்துக்கொள்ளாமல், “மயக்க டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்” என்று கேளுங்கள். மறுக்கமாட்டார்கள்.

முழு மயக்கத்தில் உடல்நலம் உள்ள ஒருவர், அவசரமில்லாத ஆபரேஷனில், மயக்க மருந்தாலேயே இறப்பது பிரிட்டன் கணக்குப்படி ஏறக்குறைய லட்சத்தில் ஒருவர். பாதியில் விழித்துவிடுவோமோ என்பது இன்னொரு பெரிய பயம். அங்கே 2014-ல் வந்த பெரிய கணக்கெடுப்பில் அப்படிச் சொன்னவர்கள் 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். சர்க்கரை, இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு நிற்பது, ஆஸ்துமா இருந்தால் இந்தக் கணக்கு மாறும். மாறுகிற கணக்கை உங்களுக்காகப் போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை.

முதுகு ஊசிக்கு வருவோம். “சிசேரியனுக்கு முதுகுல போட்டாங்க, அதிலருந்து இடுப்பு வலி” என்று சொல்லாத அக்கா நம் ஊரில் இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். வருடக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் ஒத்துக்கொள்ளவில்லை. வரக்கூடியது தலைவலி. முதுகுத்தண்டு நீர் ஊசித் துளை வழியாகக் கசிவதால், உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் தணியும். 1898-ல் இந்த முறையைக் கொண்டுவந்த ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியருக்கே அது வந்தது. தன் உதவியாளரை வைத்துத் தன் முதுகிலும், பிறகு அந்த உதவியாளர் முதுகிலும் குத்திப் பார்த்தார். உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தும் வலிக்கவில்லை. சந்தோஷத்தில் இருவரும் சாப்பிட்டுக் குடித்துப் படுத்தார்கள். பியர் எழுந்து நடமாட ஒன்பது நாள் ஆனது. இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை என்பதால் அந்தத் தலைவலி பெரிதும் குறைந்துவிட்டது. வந்தாலும் சிகிச்சை உண்டு.

மயக்க டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டியவை: தினம் சாப்பிடும் மாத்திரை எல்லாம், சித்த மருந்து, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, குடிப்பழக்கம், ஆடும் பல், பொய்ப்பல். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எதை எந்தத் தேதியில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள்: “டாக்டர், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.” நான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முந்தின ராத்திரி தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதினார், ஆபரேஷன் நேரத்தில் அரைத்தூக்கத்துக்கு மருந்து தருவதாகச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் எதுவும் கிடைத்திருக்காது. வீம்புக்குத் தைரியசாலி மாதிரி நடித்து, மேசையில் ரத்த அழுத்தம் எகிறி, ஆபரேஷன் தள்ளிப்போய்த் திரும்பி வந்த ஆளும் என் வார்டிலேயே இருந்தார்.

ஐந்தாம் படி: சர்ஜனிடம் கேட்பது

முதலில் நான் காட்டிய ஒரு மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த கையோடு “இன்னிக்கே அட்மிட் ஆயிருங்க, பேக்கேஜ்ல முடிச்சிரலாம்” என்றார்கள். வலி கூடவில்லை, சிக்கவும் இல்லை, எதற்கு இன்றைக்கே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அங்கே எனக்கு வந்த பயம் நல்ல பயம், அதைக் கேட்டு எழுந்து வந்தேன். காத்திருக்கக்கூடிய நோய்க்கு அவசரப்படுத்துகிறவர் ஏன் என்று விளக்கவேண்டும். விளக்காவிட்டால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பதால் முதல் டாக்டருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கேட்கவேண்டியவை: திறந்து செய்வதா, துளை போட்டா? எனக்கு ஏன் இது? மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? நீங்களே செய்வீர்களா? உள்ளே போனபின் வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? துளை வழியில் தேறுவது வேகம், ஆனால் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். திறந்து செய்வதை முதுகு ஊசியிலும், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தும் செய்யலாம். முழு மயக்கத்துக்குத்தான் அதிகப் பயம் என்பதால் நான் திறந்து செய்வதைத் தேர்ந்தேன். பயத்தை ஒரு காரணமாகச் சர்ஜன் ஏற்றுக்கொண்டார்.

கடைசிக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், 2008-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று. வயிற்றுக்குள் பார்த்துச் சோதிப்பதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டு மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிர் போகும் அவசரம் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது, நோயாளியிடமே கேட்டிருக்கவேண்டும் என்றது தீர்ப்பு. ஆகவே சம்மதப் படிவத்தை முந்தின நாளே கேட்டு வாங்கித் தமிழில் படியுங்கள். எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்ற இடம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து ஏறும்வரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோதுதான் மூச்சு சீரானது.

ஆறாம் படி: பணம்

மருத்துவக் காப்பீடு இருக்கிறதென்றால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஹெர்னியா, கண்புரை, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்றவற்றுக்கு முதல் 2 வருடம் பணம் தராத பாலிசிகளே அதிகம். இன்னும் நாலு மாதம் பாக்கி, டாக்டரும் காத்திருக்கலாம் என்கிறார் என்றால், அந்த நாலு மாதம் நியாயமான ‘பாப்போம்’. அறை வாடகை வரம்பையும் பாருங்கள். வரம்புக்குமேல் அறை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டும்தான் நம் தலையில் என்று நினைப்போம். பல பாலிசிகளில் மொத்த பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஏசி அறை ஆசையில் என் நண்பர் ஒருவர் கைக்காசு கொட்டினார்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதில் வரும் என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள். ஹெர்னியா அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் செய்யப்படும் ஆபரேஷன், மாதத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கு அங்கே நல்ல பதில் கிடைக்கும்.

ஏழாம் படி: நாள் குறிக்கவேண்டும், இல்லையென்றால் நிபந்தனை எழுதவேண்டும்

இதுவரை வந்தும் “பாப்போம்” என்று எழுந்துபோக முடியும். அதனால் இந்தப் படியில் இரண்டே வழி.

செய்துகொள்வதென்றால் தேதி. நல்ல நாள் பாருங்கள், தப்பில்லை. என் மனைவி அஷ்டமி நவமி கூடாது, செவ்வாய் கூடாது, பரணி கார்த்திகை கூடாது என்றாள். நாங்களே அச்சடித்த தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு சர்ஜனின் கிழமைகளோடு பொருத்தினால் மாதத்துக்கு மூன்று நாள் மிஞ்சியது. அதில் ஒன்றைச் சொன்னதும் சர்ஜன், “எத்தன மணிக்கு ராகு காலம்னு நீங்களே சொல்லிருங்க” என்று சிரித்தார். மனசுக்கு நிம்மதி தரும் எதையும் செய்யுங்கள், தேதி மட்டும் தள்ளக்கூடாது.

செய்யவில்லையென்றால் காத்திருப்புக்கு நிபந்தனை எழுதுங்கள். டாக்டர்கள் சொல்லும் கண்காணிப்புக்கும் நம் பாப்போமுக்கும் வித்தியாசம் அதுதான். என்ன நடந்தால் மனசை மாற்றிக்கொள்வேன், அடுத்து எந்தத் தேதியில் காட்டுவேன், இரண்டையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

எந்தப் பக்கமும் சாயமுடியாமல் வாரக்கணக்கில் தூக்கம் போனால், ரத்தம் எடுக்கும் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்தால், அது தனியாகப் பார்க்கவேண்டிய பயம். மனநல டாக்டரிடம் சில முறை பேசினால் குறையக்கூடியது.

நாள் குறித்தபின்

சிகரெட்டைக் குறைந்தது நாலு வாரம் முன்பே விடுங்கள். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கி முக்கிச் சிறுநீர் போவது இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் தைத்த இடத்துக்கு அந்த அழுத்தம்தான் போகும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு முதுகு ஊசிக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொள்வது சகஜம், முன்பே சொல்லிவையுங்கள். வீட்டில் பிளேடால் மழிக்கவேண்டாம், கீறலில் கிருமி ஏறும்.

அன்றைக்கு மோதிரத்தோடு அரைஞாண் கயிற்றையும் கழற்றச் சொல்வார்கள். வெட்டத்தான் வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அது பெரிய அபசகுனமாகப் பட்டது. முந்தின நாளே அவர் கையாலேயே அவிழ்த்து, பூஜை அறையில் வைத்து, வீடு வந்ததும் புதுக் கயிறு கட்டுவதாக ஏற்பாடு.

உள்ளே போகும்போது உங்கள் பெயர், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று மூன்று பேர் மூன்று முறை கேட்பார்கள். “இவங்களுக்கே தெரியலையா” என்று பதறவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அது. புதுதில்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது ஆபரேஷன் மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தன. கேட்காவிட்டால்தான் பதறவேண்டும். பேனாவால் போட்ட அடையாளம் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களும் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் குளியலறையில் குனிந்து பார்த்து நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. விதைப்பை வரைக்கும் கத்தரிக்காய் நிறம். ரத்தக்கட்டு இறங்குவதால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம் வந்தால் மட்டும் உடனே போங்கள். பைக் எடுப்பது, திடீரென்று பிரேக்கை மிதித்தால் வலிக்காது என்று உறுதியான பிறகு. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனையும் கேஸ் சிலிண்டரையும் நாலு முதல் ஆறு வாரம் வரை வேறு யாராவது தூக்கட்டும். என் வீட்டில் மகள் கற்றுக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, போன ஆவணியில், இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வலியில்லை, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. அதே சர்ஜனிடம் அதே முதல் கேள்வியைக் கேட்டேன். செய்யாமலும் வைத்திருக்கலாம் என்றார். காத்திருக்கிறேன். காகிதக் கட்டு தூக்கும்போது வலித்தால், எலுமிச்சைக்குமேல் பெரிதானால், தை 20-ம் தேதி காட்டும்போது அவர் வேறு மாதிரிச் சொன்னால் என்று மூன்று வரி எழுதி, பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. இந்த முறை மனைவியின் கையெழுத்தும் அதில் உண்டு.